பின்னால் தெரிகிற வண்டி

ஜூலை 21, ஞாயிறு

மயில்சாமி மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வழக்கம்போல நான் நூல் சுற்றும் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துத் தறிக்கூடத்துக்கு நூல் சுற்றித் தருவது என் வேலை. மெஷின் ஓடினால் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மாமா போனில் ஒரு வீடியோ காட்டினார். கேரளாக்காரர் ஒருவர் பிக்கப் வண்டியின் முதுகில் பெட்டி மாதிரி ஓர் அறை கட்டி, அதிலேயே மனைவி பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போகிறார். பெட்டிக்குள் படுக்கை, ஜன்னல், பாத்திரம் வைக்கப் பலகை.

"ஆரு வீட்டுக்கும் போவ வேண்டியதில்ல, லாட்ஜும் வேண்டாம். வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ எங்காச்சும் போய்ட்டு வந்தாப் போதும். பழசா ஒண்ணு அமைஞ்சா அடக்கமா முடிச்சர்லாம் மச்சான்" என்றார் மாமா.

அம்மாதான் போனை வாங்கி மறுபடியும் பார்த்தாள். "அதுல அடுப்பு வெச்சுக்கலாமாடா?" என்று கேட்டாள்.

அம்மா எதையாவது கேட்டு ரொம்ப நாளாகிறது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாக்கலாம்" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

அம்மா தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. கல்யாணம், கோயில் நோம்பி எதற்கும் போவதில்லை. போனால் முதலில் தண்ணீர் தருவார்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படித்தான் ஆச்சு கலாமணி?" என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் கேட்பதில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "இவ ஏன் படிப்ப நிறுத்திப்போட்டா?" என்று அம்மாவிடம்தான் கேட்பார்கள்.

ஒன்பதாவதோடு நின்றேன். வீட்டில் எப்போதும் அம்மாவுடன் ஒருவர் இருந்தால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

தம்பி பரதன் இருந்தபோது எங்களிடம் மினி லாரி இருந்தது. மில்லிலிருந்து நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு அப்பா கரூருக்கும் ஈரோட்டுக்கும் போவார். பரதன் போன பிறகு அதை விற்றுவிட்டார். இப்போது மில்லில் வாட்ச்மேன். சைக்கிளில் போகிறார்.

இன்று சிவப்பு நூல். விரலெல்லாம் சாயம்.

ஜூலை 25, வியாழன்

சங்ககிரியில் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். அம்மா வரவில்லை. "நீ பார்த்துச் சொல்லு கண்ணு, அடுப்பு வெக்க எடம் இருக்குதான்னு" என்று என்னை அனுப்பினாள்.

ஆடி மாதத்தில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் இப்போது போனால்தான் குறைத்துக் கேட்கலாம் என்பது மாமாவின் கணக்கு. புரோக்கர் ராயப்பனும் அதைச் சொல்லியே புலம்பினார். "ஆடியில என்ற பொண்டாட்டியே என்னைத் திரும்பிப் பாக்க மாட்டீங்கறா, நீங்க வந்திருக்கீங்க, வாங்க வாங்க" என்றார்.

அவர் காட்டியது, முன்பு நடமாடும் டிபன் கடையாக இருந்த வண்டி. பெட்டி பெரிது. பலகை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மாமா இன்ஜினைத் திறந்து பார்த்தார். அப்பா இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து டிரைவர் சீட்டுக் கதவைத் திறந்து, ஏறாமல், உள்ளே தலையை மட்டும் விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பொறத்தால ஒண்ணுமே தெரியாதாட்ட இருக்குதே."

"பொறத்தால என்னத்தண்ணா பாக்கப் போறீங்க? ரோடு முன்னாலதான் இருக்குது!" என்று ராயப்பன் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

எண்ணெய் நாற்றம் போகாது என்று சொல்லி அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அடுப்புக்கு நல்ல இடம் இருந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஈரோட்டில் ஒரு வண்டி. ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாமுக்குப் போனதாம். உள்ளே சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை எழுதிய அட்டை இன்னும் ஒட்டியிருந்தது. கடைசி வரி வரை என்னால் படிக்க முடிந்தது. இரண்டு பேர் படுக்க மெத்தைப் பலகை, கை கழுவத் தொட்டி. விலையும் மாமா நினைத்ததைவிடக் குறைவு.

"கும்முனு இருக்குது மச்சான், கண்ண மூடிக்கிட்டு எடுத்தர்லாம்" என்று சொல்லிக்கொண்டே மாமா பெட்டியின் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டினார். டப் டப்.

அப்பா அப்படியே திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போய்விட்டார். மாமா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வண்டியும் இல்லை. கேட்டதற்கு அப்பா, உயரம் அதிகம் என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எல்லாரும் பவானிக்குப் போகிறார்கள். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நாங்கள் போகவில்லை.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நிற்கிறவர் வண்டியை இரண்டு முறை தட்டினால் வரலாம், ஒரு முறை தட்டினால் நில். கத்த வேண்டியதில்லை. நான் சின்னதிலிருந்தே அப்பாவுக்குத் தட்டியிருக்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது என்பதால் அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

பரதனுக்கும் பிடிக்கும். அவன் எதைப் பார்த்தாலும் இரண்டு தட்டு. குடம், பீரோ, ஸ்கூட்டர், குனிந்து கூட்டிக்கொண்டிருக்கும் அம்மாவின் முதுகு. ஒரு தட்டு தட்டி நிறுத்த அவனுக்குத் தெரியாது. எல்லாமே வரலாம்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாமாவும் அப்பாவும் வாசலில் சண்டை. நான் மெஷினை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடுங் மச்சான். அக்காளுக்கு ஆசையக் காட்டிப்போட்டு இப்படி ஒவ்வொண்ணையும் தட்டிக் கழிச்சா எப்படி?"

"பின்னால தெரியற வண்டியாப் பாரு மாப்ள, எடுத்தர்லாம்."

"முதுகுல ரூம்ப வெச்சுக்கிட்டு பின்னால எப்படித் தெரியும்? கேமரா மாட்டிக்கலாம். டிவி மாதிரி முன்னால தெரியும்."

"கேமராவுக்குக் கீழ தெரியுமா?"

மாமா போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"சக்கரத்துக்கு ஒட்டுனாப்புல தெரியுமா? சொல்லு."

நான் மெஷினை வேகமாக ஓட்டினேன். நூல் அறுந்துவிட்டது.

அம்மா சமையலறையில் ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பரண் மேல் கிடந்தது. எப்போது இறக்கினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பவானிக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து என்று ஒருவர். தேனீ வளர்க்கிறார். பூ எங்கே பூக்கிறதோ அங்கே தேன்பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே வண்டியில் படுத்துக்கொள்வாராம். பெரிய வண்டி வாங்கிவிட்டதால் இதை விற்கிறார். பெட்டிக்குள் மெழுகு வாசனை. கதவு இடுக்கில் ஒரு செத்த தேனீ.

"தூங்கறப்பவும் பெட்டிக மேல ஒரு கண்ணு இருக்கோணுமுங். அதனால முன்னால ஒரு சன்னல், பின்னால ஒரு சன்னல், ரெண்டும் நேருக்கு நேரா வெச்சேன். வண்டி ஓட்டிக்கிட்டே பொறத்தால வர்றவன் மூஞ்சியப் பாக்கலாம், ஏறி உக்காந்து பாருங்."

அப்பா ஏறினார். பரதன் போன பிறகு ஒரு வண்டியின் டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் இன்றுதான் பார்த்தேன். திரும்பி, கண்ணாடி வழியாக, இரண்டு ஜன்னல்கள் வழியாகப் பார்த்தார்.

"சிந்துஜா, பின்னால போய் நில்லு."

நின்றேன்.

"தெரியுது. கண்ணு, கொஞ்சம் கிட்ட வா. இன்னும் கிட்ட."

போனேன்.

"குத்தவெச்சு உக்காரு."

உட்கார்ந்தேன். டயரும் செம்மண்ணும்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் கழித்து அப்பா, "எந்திரி" என்றார். எழுந்தேன். "அவ்வளவு வேண்டாம். கொஞ்சம் கொறைச்சுக்க. இன்னும் கொஞ்சம்."

முழங்காலை மடித்துப் பாதி நின்றேன்.

"ஆ. அப்படியே இரு."

அந்த உயரம் எனக்குத் தெரியும். அவன் தலை என் இடுப்புக்கு வரும். தொடை நடுங்கியது, ஆனாலும் அசையவில்லை. நாச்சிமுத்து என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த உயரத்தில் நான் தெரிந்தேனா என்று அப்பா சொல்லவில்லை. இறங்கி வந்து, "எடுத்துக்கறோமுங்க" என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. வண்டி வந்துவிட்டது.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பாவேதான் ஓட்டி வந்தார். கையெல்லாம் ஈரம், அடிக்கடி சட்டையில் துடைத்துக்கொண்டார். நன்றாகத்தான் ஓட்டினார்.

மினி லாரியைத் தெருவிலிருந்து ரிவர்ஸில் எடுத்து வாசலுக்குள் நிறுத்துவதுதான் வழக்கம். எங்கள் தெருவில் திருப்ப இடம் கிடையாது. இன்று அப்பா வண்டியைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. மாரியம்மன் கோயில் பொட்டலில், சுற்றி வந்து முன்பக்கமாகவே வெளியே போகிற மாதிரி நிறுத்திவிட்டார். "வெயில் படாம இருக்கும்" என்றார். பொட்டலில் நிழலே கிடையாது.

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பொட்டல் வரை நடந்து வந்தாள். பெட்டிக்குள் ஏறி மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பின்கதவுக் கொக்கி தளர்ந்திருக்கிறது. வண்டி குலுங்கினால் தகரத்தில் இடிக்கிறது. இரண்டு இடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு.

பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் வருவதற்குள் அப்பா எத்தனையோ முறை வண்டியை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கொக்கிதான் என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 21, புதன்

கொக்கிக்குத் துணி சுற்றிக் கட்டினேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் துணி இல்லை. அம்மா பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். துணி அவள் மடியில்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் கண்ணு."

"அப்பாவுக்கு..."

"இருக்கட்டும்ங்கறேன்."

எழுதிவிடுகிறேன். பரதன் போன அன்று அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து, வண்டியை வாசலுக்குள் ரிவர்ஸ் எடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்று கணக்குப் பரீட்சை. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு தட்டு கேட்டது. அப்பா வந்தார்.

ஒரு தட்டு கேட்கவே இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாராம். வேறு எதைக் கேட்டாலும் அதையே சொன்னாராம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மஞ்சள் நூல். தறிக்கூடத்து அக்கா, "வண்டியெல்லாம் வாங்கியாச்சு, சொல்லவே இல்ல பாத்தியா!" என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். காவிரிக் கரையில், நாச்சிமுத்து தேன்பெட்டி வைக்கிற தென்னந்தோப்புக்கு.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் கிளம்பினோம். நான் அப்பாவுக்குப் பக்கத்தில். அம்மா முன்னால் வரமாட்டேன் என்று பெட்டிக்குள் ஏறிக்கொண்டாள், கொக்கி இடிக்கிற பக்கம். அப்பா இப்போது ஒவ்வொரு இடிக்கும் நிறுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு இடிக்கும் அவர் கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது.

கரூர் தாண்டி, ரோட்டிலிருந்து இறங்கி ஒரு மண் பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வாழை. ஒரு வண்டி போகலாம், அவ்வளவுதான். பாதை முடிகிற இடத்தில் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஆறு. தோப்பில் திருப்ப இடம் இருந்ததைப் பார்த்ததும் அப்பா மூச்சு விட்டார்.

அம்மா அடுப்பைப் பற்றவைத்து அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். அங்கே எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. எருமைகளை ஓட்டிக்கொண்டு போன ஒரு கிழவர், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். அம்மா ஊர்ப் பேரைச் சொன்னாள். "நல்லதுங்" என்றார், போய்விட்டார். அம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

அப்பா ஆற்றில் முழுகிவிட்டு வந்து மர நிழலில் தூங்கினார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்வதற்கு முன் கிளம்பினோம். பாதையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறைய நடுவதற்கான வாழைக்கன்று. அதைத் தாண்டி வேறு வழி இல்லை.

டிராக்டர்க்காரர் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, தடித்த ஆள். "ஏனுங்ணா, டிரெய்லரை வெச்சுக்கிட்டு நான் பின்னால போனா வாழைக்கன்னு பூரா வாய்க்காலுக்குத்தான். நீங்க தோப்பு வரைக்கும் ரிவர்ஸ் போயிருங், நான் அங்க வந்து ஒதுங்கிக்கறேன்."

"வேற வழி இருக்குமுங்களா?" என்றார் அப்பா.

"மேல வேணாப் பறக்கலாம்."

அப்பா இன்ஜினை அணைத்துவிட்டார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் முகம் குறுக்கே இருந்தது. அம்மா நகரவில்லை.

"என்னங்ணா, ரிவர்ஸ் பழக்கமில்லீங்களா? நான் சொல்றேன், வாங்க" என்று டிராக்டர்க்காரர் பின்பக்கமாக நடந்தார். நடக்கும்போதே கையை ஓங்கினார்.

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது.

"தட்டாதீங்க!"

அவர் கை அப்படியே நின்றது. வாழைத் தோப்பிலிருந்து கொக்குகள் எழும்பின. நான்தான் கத்தியிருக்கிறேன்.

"ஏனம்மிணி, புதுப் பெயிண்டா?" என்று கையைத் திருப்பிப் பார்த்தார். "கை சுத்தமாத்தான் இருக்குது."

"தட்டாதீங்கண்ணா. நான் சொல்லிக்கறேன்."

பின்னால் போனேன். முதலில் குத்தவைத்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். சக்கரத்துக்கு முன்னால், பின்னால், ஒட்டினாற்போல். அப்புறம் முழங்காலை மடித்து, அன்றைக்கு நின்ற உயரத்தில் நின்று பார்த்தேன். வாழைச் சருகு கிடந்தது. எங்கள் வண்டி வந்த தடம் இருந்தது.

"கண்ணு" என்று அப்பா முன்னாலிருந்து கூப்பிட்டார். "ஆராச்சும் இருக்கறாங்களா?"

"யாரும் இல்லப்பா. வாங்க."

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இன்ஜின் ஓட ஆரம்பித்தது. வண்டி ஒரு குலுக்கு குலுங்கி நகர்ந்தது.

டப் டப்.

பிரேக். வண்டி நின்றுவிட்டது.

"ஆரு தட்டுனது?"

டிராக்டர்க்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கொக்கி என் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. அவள் கொக்கியைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, என் இடுப்பு உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கிப்பா என்று சொல்லியிருக்கலாம். அது அப்பாவுக்கே தெரியும். அவர் கேட்டது அதையில்லை.

"ஆரு கண்ணு?" என்றார் மறுபடியும். அந்தக் குரலை நான் எழுத விரும்பவில்லை.

நானும் என் பக்கத்தில் கீழே பார்த்தேன்.

"பரதன் இங்க இல்லப்பா" என்று கத்தினேன். வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்வதில்லை. "நான்தான் நிக்கறேன். வாங்க!"

அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள். பிறகு மெதுவாக ஜன்னலை விட்டு நகர்ந்து பலகையில் உட்கார்ந்தாள். அப்பாவின் முகம் தெரிந்தது. இரண்டு ஜன்னல்களுக்கும் அந்தப் பக்கம், சின்னதாக. அவர் என்னைப் பார்த்தார்.

வண்டி வந்தது.

நான் பின்னால் நடந்துகொண்டே கத்தினேன். வாங்க, வாங்க, கொஞ்சம் வாய்க்கால் பக்கம் ஒடிங்க, நேரா வாங்க. கொக்கி வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தது. அதற்கு மேல் நான் கத்தினேன். தோப்பு வந்ததும், "நில்லுங்க" என்றேன். நின்றது.

டிராக்டர்க்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "உங்க புள்ள இருந்தா எங்கூர்க் கோயிலுக்கு மைக் செட்டே வேண்டாமுங்ணா!" என்றார். அப்பா சிரிக்கப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா இறங்கி வந்து, கதவைத் திறந்து, அவர் முதுகில் கையை வைத்தாள். தட்டவில்லை. வைத்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

செப்டம்பர் 2, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகு ரசம் வைத்தாள்.

அப்பா பொட்டலுக்கு ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முறுக்காமலே விட்டுவிட்டு வந்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெள்ளை நூல். சாயம் ஒட்டாது.

தெருவில் வண்டிச் சத்தம். எங்கள் வண்டிதான், வாசலுக்கு நேராகப் பின்பக்கத்தைக் காட்டி நின்று ஆரன் அடித்தது. அம்மா வாசலில் கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அப்பா கூப்பிடறாரு பாரு" என்றாள்.

மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.